ரமணன் கொண்டுபோகாத கசெட்

தம்பி,

நீ கேட்டது ஒரு பக்கம். வெளிவரப்போகும் இசைத்தட்டோடு ஒரு சின்னப் புத்தகம் வைக்கிறீர்களாம், அதில் கராஜின் சொந்தக்காரன் என்ற முறையில் நான் ஏதாவது பகிடியாக, ஆட்கள் சிரிக்கிற மாதிரி எழுத வேண்டுமாம். "அப்பா, நீங்கள் கதைக்கிற மாதிரியே எழுதுங்கோ, மிச்சத்தை நாங்கள் பாத்துக்கொள்ளுறம்" என்று போனில் சொன்னாய். சரி என்று வைத்துவிட்டு அன்றைக்கே கடைக்குப் போய்க் கோடு போட்ட கொப்பி ஒன்று வாங்கினேன். இன்றோடு ஒன்பது நாள். ஒவ்வொரு நாளும் இரண்டு வரி எழுதுவேன், எழும்புவேன், தேத்தண்ணி போடுவேன், குடிக்க மறப்பேன், மோர்டன் ஸ்டேஷன் வரை நடப்பேன், அங்கே நிற்கிற பஸ் ஏதாவதில் ஏறி இரண்டு தரிப்புத் தள்ளி இறங்கித் திரும்பி வருவேன். "உங்களுக்கு என்ன, காலுக்குள்ளை எறும்பே?" என்று உன் அம்மா கேட்கிறாள். எறும்பு இல்லை. எழுத வேண்டியது ஒன்று இருக்கிறது, அது பகிடி இல்லை. உங்கள் டிரம்ஸ்காரன் ரமணன் அந்தக் கசெட்டைக் கொண்டுபோகவில்லை. எடுத்தது நான்.

இதை முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டேன், ஏனென்றால் என்னைப் பற்றி எனக்குத் தெரியும். கதை சொல்லத் தொடங்கினால் நடுவில் ஒரு நல்ல இடம் வரும், ஆட்கள் சிரிப்பார்கள், அந்தச் சிரிப்பில் சொல்ல வந்ததை விட்டுவிட்டு இன்னொன்றுக்குப் போய்விடுவேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஆனால் மன்னாரில் லவுட்ஸ்பீக்கர் கட்டுவதில் என்னை வெல்ல ஆள் இருக்கவில்லை. கோயில் பெருநாளுக்கு நான் தென்னையில் ஏறிக் கட்டிய கூம்பு ஸ்பீக்கரின் பாட்டு கடல் தாண்டிப் போய், இராமேஸ்வரத்து மீன்பிடிக்காரர் நடுக்கடலில் வைத்து எங்கள் ஆட்களிடம், போன வருசம் போட்ட பாட்டையே ஏன் திரும்பவும் போடுகிறீர்கள் என்று குறை சொன்னார்கள். இது உண்மை. பாதிக்கு மேல் உண்மை. சத்தம் என்றால் என்னவென்று தெரிந்த மனிதன் நான் என்பதற்காகத்தான் இதைச் சொல்லுகிறேன். நீங்கள் என் கராஜுக்குள் செய்தது பெரும் சத்தம் என்று நான் சொன்னால், அது தொழில் தெரிந்தவன் சொல்லுவது.

இன்றைக்கு உன்னையும் அன்ரனையும் சுரேனையும் ராப் பாடுகிற மூன்று பேராகத்தான் உலகத்துக்குத் தெரியும். லண்டனுக்கு மற்றப் பக்கம், மனோர் பார்க்கில் முருகன் தேர் பார்க்கப் போன இடத்தில்கூட ஒரு பெடியன் வந்து, "நீங்கள் அவரின்ரை அப்பாவோ?" என்று கேட்டு என்னோடு படம் எடுத்தான். ஆனால் இந்த இசைத்தட்டில் வருவது அந்த ராப் இல்லை. அதற்கு முன், உங்களுக்குப் பதினேழு வயதில், நாலு பேராக இருந்து அடித்த ஹார்ட்கோர் பங்க். கேட்டிராதவர்களுக்கு நான் விளங்கப்படுத்துகிறேன். ஒரு பாட்டு ஒன்றரை நிமிடம், கூடினால் இரண்டு. எல்லாரும் ஒரே நேரத்தில் தொடங்குவார்கள், பின்னால் யாரோ துரத்துகிற மாதிரி ஓடுவார்கள், பிறகு யாரும் சொல்லாமலே ஒன்றாக நிற்பார்கள். சுரேன் கிற்றார், அன்ரன் பேஸ் கிற்றார், ரமணன் டிரம்ஸ், நீ வாய். கராஜின் கூரை தகரம் என்பதால் குழுவுக்கும் தகரம் என்று பெயர். நீ பாடினாய் என்று சொல்லமாட்டேன், கத்தினாய். பாதி இங்கிலிஷ், பாதி தமிழ். தமிழில் கத்தியதெல்லாம் நான் உன்னை ஏசிய ஏச்சு என்று உன் அம்மாதான் கண்டுபிடித்தாள். "உங்கடை வாயாலை வந்ததுதான் பாட்டாப் போகுது, கேட்டனீங்களே?" என்றாள். அன்றிலிருந்து, பாட்டு எழுதிக் கொடுப்பது நான்தான் என்று மோர்டன் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

பக்கத்து வீட்டு ஆங்கிலேயப் பெண் கவுன்சிலுக்கு எழுதினாள், கவுன்சில் எனக்கு எழுதியது. நான் கடை கடையாகப் போய் முட்டை அட்டைகள் பொறுக்கி, சத்தம் வெளியே போகாமலிருக்கக் கராஜ் சுவர் முழுக்க ஒட்டினேன். நாங்கள் பூசைக்குப் போகிற மாதா கோயிலின் ஒலி மிக்சரை, பெடியள் பெருநாளுக்குப் பாட்டுப் பழகுகிறார்கள் என்று சொல்லி வாங்கி வந்தேன். பாதர் வழியில் கண்டு, "எந்தப் பாட்டு பழகுகினம்?" என்று கேட்டபோது, "புதுசு பாதர், கொஞ்சம் வேகமான பாட்டு" என்றேன். நீங்கள் நாலு பேரும் எனக்கு ஒன்றுதான் என்று அந்த நாளில் பெருமையாகச் சொல்வேன். அது சரியில்லை. அன்ரனும் சுரேனும் எங்கள் கோயில் ஆட்களின் பிள்ளைகள், அவர்களுடைய தாய் தகப்பனை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் காண்பேன். ரமணன் ஸ்ட்ரெதமிலிருந்து பஸ்ஸில் வருகிறவன், வீட்டார் சைவக்காரர், எங்கள் கோயிலுக்கு வராதவர்கள், அவனுடைய தகப்பனை நான் இரண்டு தரம்தான் கண்டிருக்கிறேன். தாளத் தட்டுகளைப் படுக்கை விரிப்பில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வருவான். கராஜ் வாசலில் சப்பாத்தைக் கழற்றுவான். "கராஜுக்கு எதுக்கடா சப்பாத்துக் கழட்டுறாய்?" என்று கேட்டால், "உங்கடை வீடுதானே அங்கிள்" என்பான். சப்பாத்துக் கழற்றிய ஒரே பெடியன் அவன்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் நீங்கள் ஆறு பாட்டை ஒரே மூச்சில் பதிந்தீர்கள். மிக்சரிலிருந்து நேரே என் கசெட் மெஷினுக்கு. மைக்கை எங்கே வைப்பதென்று நான்தான் சொன்னேன், இதில் பொய் இல்லை. ரமணனுடைய டிரம்ஸுக்கு மேலே ஒன்றைக் கயிற்றில் தொங்கவிட்டேன். அதற்கு முந்தி நீங்கள் பழைய வோக்மனில் பதிந்ததெல்லாம் வாளிக்குள் தலையை விட்டுக் கேட்ட மாதிரி இருக்கும். அன்றைக்கு ஒவ்வொன்றும் தனித்தனியாக விழுந்தது. மூன்றாவது பாட்டில் ரமணன் ஓரிடத்தில் அடிக்காமல் விட்டான். எல்லாரும் ஓட, அவன் மட்டும் நின்று, பிறகு வந்து சேர்ந்தான். என் உடம்பு சிலிர்த்தது. அந்த இடத்தை நான்தான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன் என்று பிறகு நூறு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். சொல்லிக் கொடுக்கவில்லை. வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றேன். முடிந்ததும் சுற்றிக் கேட்டு, நீங்கள் நாலு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு குதித்தீர்கள். ரமணன் மார்க்கர் பேனையால் பெயர் எழுதினான். நீ கசெட்டின் முதுகில் இருக்கிற இரண்டு சின்னக் காதையும் பேனைக்கத்தியால் உடைத்தாய், அதற்கு மேல் யாரும் தவறிப் பதிந்துவிடக் கூடாதென்று. எல்லாரும் ஆளுக்கொரு பிரதி எடுப்பது அடுத்த கிழமை என்று முடிவு.

இனி வருவதை நான் மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். முதல் தரம், கசெட் மாறிவிட்டது, தெரியாமல் எடுத்தேன் என்று எழுதினேன். வாசிக்க நன்றாக இருந்தது. அது பொய்.

ஞாயிறு பூசை முடிந்து வாசலில் நிற்கும்போது, எங்கள் ஊர் ஆள் ஒருவர் திங்கள் பின்னேரம் மன்னாருக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். என் அக்கா, உன் மாமி, அப்போது போன் இல்லாத வீட்டில் இருந்தா. அந்த நாளில் எங்களுடைய ஆட்கள் கடிதத்துக்குப் பதிலாகக் கசெட்டில் பேசி அனுப்புவார்கள். நலம் விசாரிப்பு, செத்தவர் பிறந்தவர், கொஞ்சம் அழுகை, கொஞ்சம் புளுகு. போகிற ஆளிடம் கொடுத்தால் கொண்டுபோய்ச் சேர்ப்பார். திங்கள் எனக்கு ஷிப்ட் இல்லை, அம்மா வேலைக்குப் போய்விட்டாள், நீ கொலிஜுக்கு. மூன்று மணிக்கு வந்து எடுக்கிறேன் என்று அந்த ஆள் போனில் சொன்னார். வீட்டில் வெறும் கசெட் ஒன்றும் இல்லை. மூலைக் கடைக்குப் போனால் கிடைத்திருக்கும், பத்து நிமிட நடை. மழை பெய்தது. கராஜில் உங்கள் கசெட் மெஷினுக்குள் இருந்தது. ரமணனின் எழுத்தை நான் பார்த்தேன். உடைத்த காதுகளையும் பார்த்தேன். சத்தம்தானே, சனிக்கிழமை போட்டவர்கள் வாற சனிக்கிழமையும் போடுவார்கள் என்று நினைத்தேன். காது உடைத்த கசெட்டிலும் பதிகிற வித்தை எங்களூரில் எல்லாருக்கும் தெரியும். அந்த இரண்டு ஓட்டைக்கு மேலும் ஒட்டும் டேப்பைச் சின்னதாக வெட்டி ஒட்டினேன். நேராக, வடிவாக ஒட்டினேன். பெயர்த் துண்டை நகத்தால் உரித்தேன். பிறகு மைக்கைப் பிடித்துக்கொண்டு "அக்கா, நான் லண்டனிலிருந்து" என்று தொடங்கினேன்.

நாலு மணிக்கு நீ வந்தாய். நேரே கராஜுக்குப் போனாய். போன வேகத்தில் திரும்பி வந்தாய். "அப்பா, மெஷினுக்குள்ளை இருந்த கசெட் எங்கை?" உன் முகத்தைப் பார்த்தபோதுதான் அது வெறும் சத்தமில்லை என்று எனக்கு விளங்கியது. கசெட் அந்த நேரம் ஹீத்ரோவுக்குப் போகிற காரில் இருந்தது. நான் உண்மையைச் சொல்லியிருந்தால் நீ அழுதிருப்பாய், கதவைச் சாத்தியிருப்பாய், ஒரு கிழமை என்னோடு கதைத்திருக்கமாட்டாய். அவ்வளவுதான். அந்த ஒரு கிழமைக்குப் பயந்து சொன்னேன்: "ரமணன் வந்திட்டுப் போறதைக் கண்டனான்."

"ரமணனோ? அவன் இண்டைக்குக் கொலிஜுக்கு வரேல்லையே."

"அதுதான். ஒரு பன்னிரண்டு மணியிருக்கும். யன்னலடியிலை நிண்டனான். கராஜ் பக்கத்தாலை வந்தான். கையிலை ஒரு நீலப் பை. என்னைக் காணேல்லை. ரெண்டு தரம் திரும்பித் திரும்பிப் பாத்துக்கொண்டு போனவன்."

தம்பி, ஒரு ஆள் போனான் என்று மட்டும் சொல்லியிருந்தால் நீ சந்தேகித்திருப்பாய். அந்த நீலப் பைதான் உன்னை நம்ப வைத்தது. இரண்டு தரம் திரும்பிப் பார்த்ததும். சபையில் எல்லாரையும் சிரிக்க வைக்கிற என்னுடைய அந்தக் கெட்டித்தனத்தைத்தான் நான் அன்றைக்குப் பாவித்தேன். ஏன் ரமணன் என்று நீ கேட்பாய். அன்ரனையோ சுரேனையோ சொன்னால் ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் அவர்களுடைய தகப்பன்மார் என்னிடம் வந்து கேட்பார்கள். ரமணனின் தகப்பன் கேட்க வரமாட்டார். இதை யோசித்துச் சொன்னேனா, யோசிக்காமல் சொன்னேனா என்று இருபது வருடத்துக்கு மேலாக என்னையே கேட்டுப் பார்க்கிறேன். யோசித்துத்தான் சொன்னேன்.

நீ அன்றைக்கே ஸ்ட்ரெதமுக்குப் போனாய். அங்கே நடந்தது உனக்குத்தான் தெரியும், நீ திரும்பி வந்தபோது உன் சட்டைப் பை கிழிந்திருந்தது. மத்தியானம் எங்கே நின்றாய் என்று கேட்டதற்கு அவன் பதில் சொல்லவில்லை, அதனால் அவன்தான் என்று அம்மாவிடம் சொன்னாய். அடுத்த கிழமை அவனுடைய மச்சான் வான் கொண்டுவந்து டிரம்ஸை ஏற்றினான். ரமணன் வானுக்குள் இருந்து இறங்கவில்லை. நான்தான் ஒரு பக்கம் பிடித்து ஏற்றிக் கொடுத்தேன். டிரம்ஸ் இல்லாமல் இரண்டு மாதம் நீங்கள் மூன்று பேரும் கராஜில் சும்மா இருந்தீர்கள். பிறகு சுரேன் எங்கேயோ ஒரு டிரம் மெஷின் வாங்கி வந்தான். அதன் வேகத்துக்குக் கத்த முடியவில்லை, அதனால் கதைத்தீர்கள். கதைத்தது ராப் ஆனது. ராப் உங்களை எங்கெங்கோ கொண்டுபோனது. "இவங்கடை ராப்புக்கு நான்தான் காரணம்" என்று எத்தனை கலியாண வீட்டில், எத்தனை சாமத்தியவீட்டில் நான் சொல்லியிருப்பேன். எல்லாரும் அங்கிள் புளுகுகிறார் என்று சிரித்தார்கள். என் வாழ்நாளில் கூட்டாமல் குறைக்காமல் சொன்னது அந்த ஒன்றுதான்.

போன மாதம் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். றேடியோவில் உன் குரல். பழைய பங்க் பாட்டுகள் வருகின்றன என்று சொன்னாய். நல்ல பதிவு ஒன்று இருந்தது, அதை எங்கள் டிரம்ஸ்காரன் திருடிக்கொண்டு ஓடிவிட்டான், மிஞ்சின கரகரப்புகளைத்தான் போடுகிறோம் என்று சொன்னாய். அறிவிப்பாளர் பெண் சிரித்தாள், நீயும் சிரித்தாய். அந்தக் கதையைப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் போடுகிறோம் என்றாய். அம்மா அடுப்படியில் நின்றாள். என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"அந்தப் பையை நீங்கள் சுரேன்ரை கலியாணத்திலை சிவப்பு எண்டனீங்கள். உங்கடை தங்கச்சி லூசியா வீட்டிலை முதுகுப் பை எண்டனீங்கள். எத்தினை பை கொண்டுபோனவன் அந்தப் பெடியன்?"

வெங்காயத்தை வெட்டினேன். "இவ்வளவு காலமும் நான் கேக்கேல்லை," என்றாள். "இனி அச்சிலை வரப்போகுது."

அன்றிலிருந்துதான் இந்த நடை. முதலில் நான் செய்தது என்ன தெரியுமா? மன்னாருக்குப் போன் எடுத்தேன். அக்காவுக்கு இப்போது எண்பதுக்குக் கிட்ட. அந்தக் கசெட்டை வைத்திருக்கிறாவா என்று கேட்டேன். "உன்ரை குரல் கிடக்கிற ஒண்டையும் நான் எறியேல்லை," என்றா. பிறகு, "டொக்டர் எப்பிடி இருக்கிறார்?" என்றா. எந்த டொக்டர் என்று கேட்டேன். "உன்ரை மோன்தான். கசெட்டிலை சொன்னனீ, மெடிசின் படிக்கிறான், நாலு வருசத்திலை டொக்டர் எண்டு." அக்காவின் பேத்தி கசெட்டைப் பழைய மெஷினில் போட்டுப் போனில் எனக்குக் கேட்க வைத்தாள். என் குரல் எனக்கே புளித்தது. மூன்று மாடி வீடாம். வெள்ளைக்காரர் என்னிடம் ஆலோசனை கேட்டு வருகிறார்களாம். மகன் டொக்டருக்குப் படிக்கிறானாம், சரியான அமைதியான பிள்ளையாம், வீட்டில் இருக்கிறானா என்றே தெரியாதாம். உன்னுடைய குரலை அழித்து, அதற்கு மேல் அமைதியான பிள்ளை என்று பதிந்திருக்கிறேன். ஒன்பது நிமிடம். பிறகு வாசலில் கார் ஹோர்ன் கேட்கிறது, நான் "வைக்கிறன் அக்கா" என்கிறேன், ஒரு கிளிக். அடுத்த நொடி ரமணன்.

ஐந்து பாட்டு போய்விட்டது. ஆறாவது அப்படியே கிடக்கிறது. என் பேச்சு அதற்கு முந்தி முடிந்துவிட்டது. போன் வழியாகக் கேட்டும் டிரம்ஸ் தனியாக விழுகிறது, நீ கத்துவது விளங்குகிறது. கடைசி அடிக்குப் பிறகு நாலு பேரும் சிரிக்கிறீர்கள். கசெட் பழுதாய்ப்போய்ச் சத்தம் வருகிறது என்று அக்கா நினைத்தாவாம், ஆனாலும் அந்தச் சிரிப்பு நல்ல சிரிப்பு என்று கடைசி மட்டும் கேட்பாவாம். பேத்தி அடுத்த கிழமை லண்டன் வருகிறாள், கசெட்டைக் கையோடு கொண்டுவருகிறாள்.

இதிலும் ஒரு வெட்கத்தைச் சொல்ல வேண்டும். போனை வைத்த உடனே என் மூளை வேலை செய்யத் தொடங்கிவிட்டது. ரமணன் திருடிய கசெட் எப்படியோ இலங்கைக்குப் போய், நான் ஆள் வைத்துத் தேடிக் கண்டெடுத்தேன் என்று ஒரு கதை. வவுனியாவில் ஒரு பழைய சாமான் கடை, ஒரு கிழவர், எல்லாம் வந்துவிட்டது. ஸ்டேஷனுக்கும் வீட்டுக்கும் இடையில் முழுக் கதையும் தயார். நானே அதைப் பாதி நம்பினேன். வாசலில் கதவுத் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்று, உள்ளே போகாமல் திரும்பி ஸ்ட்ரெதம் பஸ் எடுத்தேன்.

ரமணன் ரயில் பாலத்துக்குக் கீழே கார் திருத்துகிற இடம் வைத்திருக்கிறான். தாடியில் நரை. என்னை உடனே அடையாளம் கண்டான்.

"அங்கிளா? கார் கொண்டுவந்தனீங்களோ?"

"இல்லை. பஸ்ஸிலை வந்தனான்."

"அப்ப?"

நின்றபடியே சொன்னேன். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு கேட்டான். துடைத்து முடிந்த பிறகும் துடைத்தான். ஒட்டும் டேப்பைச் சொன்னபோது ஒரு தரம் என்னைப் பார்த்தான்.

"என்ன நிறப் பை எண்டு சொன்னனீங்கள்?"

"நீலம்."

"என்னட்டை நீலப் பை இருக்கேல்லை, அங்கிள். அவன் அண்டைக்கு வந்து பையைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லை. எடுத்தனியோ, எங்கை நிண்டனி, அதுதான் கேட்டவன்."

"எங்கை நிண்டனி?"

"குறொய்டனிலை. அப்பாவோடை, இமிக்ரேசன் ஒபிசிலை கையெழுத்து வைக்க. எங்களுக்கு அப்ப விசா இல்லை. ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது எண்டு அப்பா சொன்னவர். உங்கடை மகனுக்கும் நான் சொல்லேல்லை." துணியை மேசையில் போட்டான். "சொல்லியிருக்கலாம். எனக்கு வெக்கமாயிருந்தது. அதுக்குப் பிறகு, அவன் என்னைக் கள்ளன் எண்டு நினைச்சா நினைக்கட்டும் எண்டு விட்டிட்டன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவன் அதற்குப் பதில் சொல்லவில்லை, நான் அதைக் கூட்டி எழுதப்போவதில்லை. ஆறாவது பாட்டு இருக்கிறது என்று சொன்னேன். "ஆறாவதோ? அதிலை கடைசியிலை நான் பிழையா அடிச்சனான்" என்றான். பிழை ஒன்றும் எனக்குக் கேட்கவில்லை என்றேன். "உங்களுக்குக் கேக்காது" என்றான். லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது, நிச்சயமில்லை. இப்போதே உனக்குப் போன் எடுத்துச் சொல்லட்டுமா என்று போனை வெளியே எடுத்தேன்.

"வேண்டாம். நீங்கள் வாயாலை சொன்னா ஒருத்தரும் நம்பாயினம், அங்கிள். எழுதிக் குடுங்கோ. அவன்ரை புத்தகத்திலையே எழுதுங்கோ."

"குறொய்டன் கதையையும் எழுதட்டோ?"

யோசித்தான். "எழுதுங்கோ. அப்பா இப்ப இல்லை. எங்களுக்கு விசா வந்தும் கனகாலம்."

"அவனை இஞ்சை வரச் சொல்லட்டோ?"

"நீங்கள் ஒழுங்குபடுத்தாதையுங்கோ," என்றான். "அவன் வந்தா வரட்டும்." பிறகு காருக்குக் கீழே போய்விட்டான். அவனுடைய இரண்டு கால் மட்டும் வெளியே தெரிந்தது. நான் கொஞ்ச நேரம் அந்தக் கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வந்தேன்.

தகப்பன் எழுதுகிற கடிதத்தில் புத்தி சொல்ல வேண்டுமாம். நீ இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், என்னைவிடக் கூடப் படித்தவன், எனக்குச் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். பிள்ளை கோபிக்கும் என்று பயந்து பிள்ளைக்குப் பொய் சொல்லாதே. ஒரு கிழமைக் கோபம் ஒரு கிழமையில் முடியும். நான் அதைத் தள்ளிவைத்தேன், அது ரமணன் தலையில் இவ்வளவு காலம் இருந்தது. இன்னொன்று, நன்றாகக் கதை சொல்லுகிறவனை, அவன் உன் அப்பாவாக இருந்தாலும், ஒரு கேள்வி கேள். என்ன பை, எவ்வளவு பெரிசு, எந்தக் கையில் என்று கேட்டிருந்தால் அன்றைக்கே நான் இடறி விழுந்திருப்பேன். நீ கேட்காதது உன் பிழை இல்லை. தகப்பனைக் கேள்வி கேட்கிற மாதிரி நான் உன்னை வளர்க்கவில்லை.

நீ சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் நாலாம் வகுப்போடு நின்றவன், இதை வாசிக்க உனக்கு இரண்டு நாள் செல்லும். மெதுவாக வாசி. உன் ஆட்கள் இதை இங்கிலிஷுக்கு மாற்றும்போது நீளம் என்று வெட்டப் பார்ப்பார்கள். நான் என்னைப் பற்றிச் சொன்ன எல்லாவற்றையும் வெட்டலாம், எனக்கு வருத்தமில்லை. நான் செய்ததை வெட்ட விடாதே. அச்சுக்குப் போக இன்னும் மூன்று கிழமை இருக்கிறதென்று சொன்னாய். ரமணனின் இடம் ஞாயிறு பூட்டு, மற்ற நாளெல்லாம் காலை எட்டு மணிக்குத் திறக்கிறான். அக்காவின் பேத்தி வந்ததும் கசெட்டை உன்னிடம் தருகிறேன், நீ கொண்டுபோ. நீங்கள் இரண்டு பேரும் அதை எப்படிக் கேட்டீர்கள், அவன் என்ன சொன்னான், நீ என்ன சொன்னாய் என்று எனக்குச் சொல்ல வேண்டாம். என்னைக் கூட்டிக்கொண்டு போகவும் வேண்டாம். நான் வந்தால் கதைப்பேன்.

அப்பா